செக்கிங் நாளில் செத்த பெரியம்மா

புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகள் நால்வருக்கும்,

ரோலரை எப்படிப் பிடிப்பது, பட்டி எத்தனை கை பார்ப்பது என்பதெல்லாம் இதில் இருக்காது. அதைச் சுபா சொல்லித்தருவாள். நம் பெயிண்ட் செட்டை இப்போது நடத்துகிறவள் அவள்தான். என் முழங்கால் சாரம் ஏற மாட்டேன் என்று அடம்பிடித்து இரண்டு வருடம் ஆகிவிட்டது. நான் வீட்டில் உட்கார்ந்துகொண்டு மணிக்கொரு தரம் ஃபோன் போட்டுத் தொல்லை செய்வதைப் பொறுக்க முடியாமல், அவளே ஒரு நோட்டை வாங்கிவந்து கையில் கொடுத்தாள். "புதுப் பிள்ளையளுக்கு உதவுற மாதிரி ஏதாவது எழுதுங்கோ அக்கா, நான் கொஞ்சம் நிம்மதியா வேலை பாக்கிறன்" என்றாள். நான் வளர்த்த பிள்ளை என்னிடம் பேசுகிற பேச்சைப் பாருங்கள்.

உங்களில் இரண்டு பேர் நம் முகாம் பிள்ளைகள். மற்ற இரண்டு பேரும் மதுரைக்காரிகள். எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் நாளே யாராவது ஒருவர் வாசலில் நின்று கேட்பார், எங்கிருந்து வாரீங்க என்று. அந்தக் கேள்விக்குப் பல வருடம் நான் தப்பாகப் பதில் சொன்னேன். அது ஒரு தடவை ஆறு பெண்களின் பிழைப்பையும் கொண்டுபோய் ஒரு வீட்டின் கேட்டுக்கு வெளியே நிறுத்தியது. அந்தக் கதையைத்தான் எழுதப்போகிறேன். சுபாவும் அந்த ஆறு பேரில் ஒருத்தி, நான் கூட்டிக் குறைத்துச் சொன்னால் அவளிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் மன்னார்ப் பக்கம் பிறந்தவள். இருபது வயதில் படகேறி வந்தபோது எனக்கென்று கூட வந்தவர் பெரியம்மா ஒருவர்தான். மண்டபம் அகதி முகாமில் இறக்கி, பிறகு மதுரைக்கு மேற்கே இருக்கிற முகாமுக்கு அனுப்பினார்கள். ஊரில் ஏ.எல்., இங்கத்துப் பிளஸ் டூ மாதிரி, படித்துக்கொண்டிருந்தவள் நான். இங்கே அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியவில்லை. அரசாங்க வேலைக்கு வழி கிடையாது. முகாம் ஆண்கள் பெயிண்ட் அடிக்கப் போனார்கள், பெண்கள் மில்லுக்கும் தையலுக்கும் போனார்கள். எனக்குத் தையலுக்கு வேண்டிய பொறுமை கிடையாது. உயரத்தைக் கண்டு பயமும் கிடையாது. ஆண்கள் போகிற வண்டியில் நானும் ஏறினேன்.

சாரத்தில் சேலை காயப்போடவா வந்திருக்கிறாய் என்று முதல் நாள் கேலி செய்தார்கள். மறுநாள் சுடிதாருக்கு மேல் ஓர் ஆண்பிள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். அதற்கும் கேலி செய்தார்கள். கல்யாணம் பேசி வந்தவர்கள் பெயிண்ட் வேலையை விட்டால் சரி என்றார்கள். நான் வேலையை விடவில்லை, அவர்களும் திரும்ப வரவில்லை. பெரியம்மா ஒரு வாரம் பேசாமல் இருந்துவிட்டு, எட்டாம் நாள் என் சட்டையில் அறுந்திருந்த பொத்தானைத் தைத்துக் கொடுத்தார்.

எனக்கு வேலை தந்தவர் மதுரை மேஸ்திரி ஒருவர். வில்லாபுரத்துக்காரர். என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்திருப்பார், அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். அவர் வாய் திறந்து பாடம் நடத்தி நான் பார்த்ததில்லை. அவர் கூடவே நின்றதால் தெரிந்துகொண்டதுதான் எல்லாம்.

ஒரு வீட்டில் பெண்ணுக்கு நிச்சயதார்த்தம் வைத்திருந்தார்கள். மூன்றே நாளில் கூடத்துச் சுவரை அடித்துத் தரச்சொல்லி வீட்டுக்காரர் ஒற்றைக் காலில் நின்றார். மேஸ்திரி சுவரில் உள்ளங்கையை வைத்தார். சுவரின் அந்தப் பக்கம் குளியலறை. கையை எடுத்துத் துடைத்துக்கொண்டு முடியாது என்றார். வீட்டுக்காரர் கெஞ்சினார், பிறகு கத்தினார். மேஸ்திரி நிதானமாகச் சொன்னார்: "ஈரச் சுவரு அண்ணே. அடிச்சா ஒரு மாசத்துல உரிஞ்சு விழுகும். அப்ப என்னைய வைவீங்க. அதுக்கு இப்பவே வைதுருங்க." வாளியைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் வெளியே வந்தோம். அன்றைக்கு எங்களுக்கு வேலையே இல்லாமல் போனது. மழைக்காலம் முடிந்ததும் அதே வீட்டுக்காரர் மேஸ்திரியைத் தேடிக்கொண்டு வந்து மொத்த வீட்டையும் கொடுத்தார். முடியாததை முதல் நாளே முடியாது என்று சொல்கிற ஆளை ஜனங்கள் மறப்பதில்லை. இதை நான் சுவருக்கு மட்டும் வைத்துக்கொண்டேன். எனக்கும் அது பொருந்தும் என்று அப்போது தோன்றவில்லை.

அவரிடம் கற்ற தப்பான பாடம் ஒன்று உண்டு. அதையும் அவர் இரக்கத்தால்தான் சொன்னார். ஒரு வீட்டில் வேலை பேசிக்கொண்டிருந்தபோது நான் ஆமாம் என்பதற்கு வாய் தவறி ஓம் என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். முகாம் ஆளா, அப்புறம் போலீஸ் அது இது என்று வந்து நிற்கும், வேண்டாம்ப்பா என்று மேஸ்திரியிடம் சொன்னார். மேஸ்திரி என்னைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். திரும்பி நடந்து வரும் வழியில்தான் பேசினார்.

"இனிமே யாராச்சும் கேட்டா வில்லாபுரம்னு சொல்லு. எங்க தெருவச் சொல்லு. என் தங்கச்சின்னு சொன்னாலும் எனக்குச் சம்மதம்தான்."

அப்படித்தான் நான் வில்லாபுரத்துக்காரி ஆனேன். பேச்சையும் மாற்றிக்கொண்டேன். இம்புட்டு அம்புட்டு என்று பேசப் பழகி, மதுரை ஆட்களே சந்தேகப்படாத அளவுக்கு வந்துவிட்டேன். பின்னால் முகாம் பெண்கள் ஐந்து பேரைச் சேர்த்துக்கொண்டு தனியாகச் செட் ஆரம்பித்தபோது அவர்களுக்கும் அதையே பழக்கினேன். வெளியே போனால் நாம் எல்லாரும் வில்லாபுரம், கூடியவரை வாயைத் திறக்காதீர்கள் என்று.

மதுரைப் பிள்ளைகளுக்குச் செக்கிங் என்றால் என்னவென்று தெரியாது. முகாமில் நாங்கள் இருக்கிறோமா என்று அதிகாரிகள் வந்து தலை எண்ணுவார்கள். குடும்ப அட்டையை வைத்துக்கொண்டு பெயர் கூப்பிடுவார்கள். கூப்பிட்டவர் நேரில் நிற்கவேண்டும், கையெழுத்துப் போடவேண்டும். ஆள் இல்லாவிட்டால் பெயர் வெட்டுப்பட்டுவிடும் என்ற பயம் எல்லாருக்கும் இருக்கும். வழக்கமாக வருகிற நாள் முன்பே தெரியும், அதை விட்டுவிட்டு வேலை பேசிக்கொள்வோம். சில சமயம் சொல்லாமல் கொள்ளாமல் முதல் நாள் சாயங்காலம் மைக்கில் அறிவிப்பார்கள். அப்போது எந்த வேலையில் இருந்தாலும் போட்டது போட்டபடி வரவேண்டியதுதான்.

சோழவந்தானில் பாண்டீஸ்வரி என்று ஒரு பெண். ஒரு ஸ்கூலில் கிளார்க்காக இருந்தாள். அவள் அப்பாவும் அம்மாவும் காலமெல்லாம் அடுத்தவர் கொடிக்காலில் கூலிக்கு வெற்றிலை கிள்ளியவர்கள். அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். மகள் படித்து, வேலைக்குப் போய், கணவனும் அவளுமாக அந்தத் தெருவிலேயே முதல் மாடிவீட்டைக் கட்டினார்கள். பொம்பளைங்க செட் ஒன்று இருக்கிறதாமே என்று விசாரித்து அவளாகத்தான் எங்களைக் கூப்பிட்டாள். எங்கள் செட்டுக்கு முழுதாகக் கிடைத்த முதல் வீடு அது. அதற்கு முன்பெல்லாம் ஓர் அறை, ஒரு காம்பவுண்டுச் சுவர் என்று துண்டு துண்டாகத்தான் வரும். இந்த வீட்டை நல்லபடியாக முடித்தால் பெண்கள் செட்டை நம்பி வீட்டைக் கொடுக்கலாம் என்று பேராகும். பாதியில் விட்டால் ஆறு பேரும் பழையபடி ஆண்கள் செட்டில் வாளி தூக்கவேண்டியதுதான்.

முன்பக்கத்துக்கு மாம்பழ மஞ்சள் வேண்டும் என்றார் பாண்டீஸ்வரியின் அம்மா. மகளுக்கு அந்த நிறம் பிடிக்கவில்லை. அந்த அம்மா விட்டுக்கொடுக்கவில்லை, பஸ்ஸில் போகிறவனுக்கும் நம்ம வீடு தெரியணும் என்றார். எங்கிருந்து வாரீங்க என்றும் அவர்தான் கேட்டார். வில்லாபுரம் என்று சொன்னேன்.

வெள்ளிக்கிழமை விடியற்காலை பால் காய்ச்சுவதாக நாள் குறித்திருந்தார்கள். எல்லாம் ஒழுங்காகப் போனது. செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து முகாமுக்குள் நுழையும்போது மைக்கில் அறிவிப்பு. நாளைக் காலை செக்கிங், எல்லாரும் நேரில் இருக்கவேண்டும்.

எங்கள் ஆறு பேருக்கும் புதன்கிழமை போய்விடும். பால் காய்ச்ச இரண்டு நாள் இருக்கும்போது ஆறு பேரும் ஒரேயடியாக ஏன் வரவில்லை என்று என்ன காரணம் சொல்வது? காய்ச்சல் என்றால் ஆறு பேருக்கும் காய்ச்சலா? பஸ் ஓடவில்லை என்றால் அவள் வண்டி அனுப்பிவிடுவாள். யாரும் மேற்கொண்டு கேள்வி கேட்காத காரணம் இந்த ஊரில் ஒன்றுதான் இருக்கிறது. பாண்டீஸ்வரிக்கு ஃபோன் போட்டேன். "மேடம், எங்க பெரியம்மா இறந்துருச்சு. எல்லாரும் சொந்தக்காரங்க. நாளைக்கு ஒருநாள் மட்டும்" என்றேன். குரலைக்கூடக் கொஞ்சம் உடைத்துக்கொண்டேன். அவள் பதறிப்போய், பாத்துப் போயிட்டு வாங்கக்கா என்றாள். நான் ஃபோனை வைத்துவிட்டுத் திரும்பினால் பெரியம்மா கதவில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார்.

"என்னை எப்ப எடுக்கிறீங்கள்?" என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீங்கள் இருந்தால்தானே எனக்கு வேலை என்று ஏதோ சமாளித்தேன். மறுநாள் வெயிலில் வரிசையில் நின்றபோது எனக்கு முன்னால் அவர்தான் நின்றார். அவருடைய பெயரை மைக்கில் கூப்பிடுகிற நேரம் பார்த்துப் பாண்டீஸ்வரி ஃபோன் போட்டாள், எப்போது எடுக்கிறார்கள் என்று கேட்க. என்ன சத்தம் அது என்றாள். எழவு வீட்டு மைக் என்று சொல்லிவிட்டு ஃபோனைப் பொத்திக்கொண்டேன். பெரியம்மா கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து, தன்னைக் குளிப்பாட்டியாகிவிட்டதா என்று கேட்டார். வரிசையில் நின்றவர்களெல்லாம் சிரித்தார்கள். நானும்தான். நான் செய்த பிழை என்னவென்று அந்த நிமிடம் வரைக்கும் எனக்கு உறைக்கவில்லை.

நான் வேதக்காரி, மாதா கோயிலுக்குப் போகிறவள். அடக்கம் முடிந்தால் குளித்துவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்போம். எங்கள் வீட்டில் தீட்டு, விலக்கு என்று எதுவும் பார்த்ததில்லை. வியாழக்கிழமை காலையில் காளவாசலில் சோழவந்தான் பஸ்ஸுக்கு நிற்கும்போது சுபாதான் கேட்டாள். அவள் வீட்டில் அதெல்லாம் பார்ப்பார்கள். "அக்கா, செத்தவீடு எண்டு சொல்லிப்போட்டு நல்ல காரிய வீட்டுக்குள்ள எப்பிடிப் போறது?" என்றாள். நான் செய்த பிழை அப்போதுதான் எனக்கு உறைத்தது. பஸ் வந்தது. ஏறினோம்.

பாண்டீஸ்வரியின் அம்மா கேட்டுக்குள் நின்றுகொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் ஓடிவந்து கையைப் பிடிக்கப் போனவர், பாதியில் கையை இழுத்துக்கொண்டார். பெரியம்மாவுக்கு என்ன சீக்கு, எத்தனை நாள் படுக்கையில் கிடந்தார் என்றெல்லாம் விசாரித்தார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. பிறகு ரொம்பத் தயங்கிச் சொன்னார்:

"கோவிச்சுக்கிறாதத்தா. கேத வீட்டுக்குப் போயிட்டு வந்துருக்கீக. விடிஞ்சா பால் காய்ச்சணும். உள்ள வரவேணாம். டவுன்ல ஒரு செட்டுக்குச் சொல்லியாச்சு, பத்து மணிக்கு வந்துருவாக."

அவர் முகத்தில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். செத்துப்போகாத ஒரு பொம்பளைக்காக அந்த அம்மா கண் கலங்கி நிற்கிறார். உள்ளே எங்கள் சாரம், எங்கள் வாளி, பாதியில் நிற்கிற எங்கள் மஞ்சள்.

சுபா என் முழங்கையை இடித்துக் காதுக்குள் சொன்னாள். நீங்கள் மட்டும்தான் போனீர்கள், நாங்கள் ஒருவரும் போகவில்லை என்று சொல்லுங்கள், நாங்கள் ஐந்து பேரும் உள்ளே போய் முடித்துவிடுகிறோம், நீங்கள் வெளியே இருங்கள் என்று. பிள்ளை நல்ல வழிதான் சொன்னாள். நூற்றுக்கு நூறு அது நடந்திருக்கும். வேலை முடிந்திருக்கும், பேரும் கெட்டிருக்காது.

உங்களிடம் பெரிய யோக்கியக்காரி மாதிரிப் பேச எனக்கு ஆசையில்லை. அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. அப்போது எனக்குப் பெரியம்மா வரிசையில் நின்று கேட்டதெல்லாம் ஞாபகம் வந்தது. முந்தாநாள் அவரைச் சாகடித்தேன். அடுத்த செக்கிங்குக்கு யாரைச் சாகடிப்பது? இந்த ஐந்து பேரில் ஒவ்வொருத்தியும் நாளைக்குத் தனியாக வேலை பிடிக்கும்போது தன் வீட்டில் ஒருவரைச் சாகடிப்பாள், நான்தான் அதைப் பழக்கியவள். ஈரச் சுவரில் அடித்துக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்துவிட்டது. பல வருடமாக வெளியே பேசாத என் சொந்தப் பேச்சில் பேசினேன்.

"ஒருத்தரும் சாகேல்லை அம்மா. பெரியம்மா உயிரோடதான் இருக்கிறா. நான் சொன்னது பொய். நாங்கள் வில்லாபுரமும் இல்லை, முகாம் ஆக்கள். நேற்று எங்களுக்குச் செக்கிங், போகாட்டி பேர் வெட்டுப்படும். அதுதான் அப்படிச் சொன்னனான்."

அந்த அம்மா கேட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். சத்தம் கேட்டுப் பாண்டீஸ்வரி உள்ளேயிருந்து வந்தாள். நான் எல்லாவற்றையும் முதலிலிருந்து இன்னொரு தடவை சொன்னேன். முதல் தடவையைவிட இரண்டாம் தடவை சொல்வது கஷ்டமாக இருந்தது. அம்மாதான் முதலில் வாயைத் திறந்தார். உசுரோட இருக்குறவளைச் சாகடிச்சிருக்கியே, அவுகளுக்கு இது தெரியுமா என்றார். தெரியும், பக்கத்தில்தான் நின்றா என்றேன். அவர் வாய்க்குள் சிரித்த மாதிரி இருந்தது. மகள் சிரிக்கவில்லை.

"நான் காலேஜ் படிக்கைல எந்தத் தெருன்னு யாராச்சும் கேட்டா, தெருவச் சொல்ல மாட்டேன். பஸ் ஸ்டாப்பு பேரத்தான் சொல்லுவேன்" என்றாள். "அதுனால நீங்க வில்லாபுரம்னு சொன்னதுல எனக்குக் கோவமில்ல. என் வீட்டு நல்ல காரியத்துக்கு முன்னாடி ஒரு சாவக் கொண்டாந்து வச்சீங்களே, அதுதான்க்கா மனசுக்குக் கஷ்டமா இருக்கு."

பிழைதான் என்றேன். அவள் வீட்டை ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். பாதி மஞ்சள், பாதி வெறும் பிரைமர். சாயங்காலத்துக்குள் முடிப்பீர்களா என்று கேட்டாள்.

இந்த இடம்தான் எனக்கு இன்னும் பயமாக நினைவிருக்கிறது. முடிப்போம் என்று சொல்லியிருந்தால் அந்த நிமிடமே உள்ளே விட்டிருப்பாள். மற்ற ஐந்து பேரும் என் வாயைத்தான் பார்த்தார்கள். முடியாது என்றேன். முன்பக்கமும் உள்அறைகளும் முடியும், மேற்குச் சுவர் அடுத்த வாரம்தான். டவுன் செட் எட்டுப் பேராக வந்தால் எல்லாவற்றையும் முடித்துவிடுவார்கள், உங்கள் இஷ்டம் என்றேன். சுபா பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

பாண்டீஸ்வரி மேற்குச் சுவர்ப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். பிறகு ஃபோனை எடுத்து டவுன் செட்டுக்கு வரவேண்டாம் என்று சொன்னாள். அவள் அம்மா உள்ளே போய் ஒரு செம்பில் மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து எங்கள் தலையில் தெளித்தார். யாரும் சாகவில்லையே அம்மா என்று பாண்டீஸ்வரி கேட்டதற்கு, எதுக்கும் இருக்கட்டும் என்றார். நனைந்த தலையோடு உள்ளே போய் வேலையைத் தொடங்கினோம். அன்றைக்கு நாங்கள் வேலை செய்த மாதிரி அதற்கு முன்னும் செய்ததில்லை, பின்னும் செய்ததில்லை. இருட்டுவதற்குள் முன்பக்கம் முடிந்தது.

பால் காய்ச்சுக்கு எங்களையும் வரச்சொல்லியிருந்தாள். முதல் பஸ்ஸில் போய், ஓரமாக நின்று பால் வாங்கிக் குடித்தோம். மேற்குச் சுவர் பார்க்கிறவர் கண்ணில் எல்லாம் பட்டது. சொந்தக்காரர் ஒருவர், மஞ்சள் தீர்ந்துபோச்சா பாண்டி என்று கேலியாகக் கேட்டார். அவள் குரலை உயர்த்தவும் இல்லை, தாழ்த்தவும் இல்லை.

"பெயிண்ட் அடிக்கிறவங்க முகாம்காரங்க மாமா. புதன்கிழமை அவங்களுக்குச் செக்கிங். அடுத்த வாரம் வந்து முடிச்சுத் தாரேன்னு சொல்லியிருக்காங்க" என்றாள்.

கடைக்குப் போனவன் இன்னும் வரவில்லை என்று சொல்வார்களே, அந்த மாதிரிச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் பால் ஊற்றப் போய்விட்டாள். கூடியிருந்தவர்களில் சிலர் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு அழுதேன். வந்த நாளிலிருந்து என்னிடம் முகாம் என்ற வார்த்தையை எல்லாரும் தணித்த குரலில்தான் சொல்லியிருக்கிறார்கள், நான் உட்பட.

அதற்குப் பிறகு எங்களுக்கு வாரிக் கொட்டியது என்று நினைக்காதீர்கள். அந்தத் தெருவிலேயே பேசி வைத்திருந்த ஒரு வீட்டுக்காரர் முகாம் என்று தெரிந்ததும் வேண்டாம் என்றுவிட்டார். இன்னொருவரும் அப்படியே. மேஸ்திரியிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவருக்கு வருத்தம்தான். எங்க தெருப் பேரு உனக்குப் பத்தலையா என்று கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆறு மாதம் கழித்து ஒரு வீட்டுக்காரர் என்னைத் தேடி வந்தார். மேஸ்திரிதான் அனுப்பினாராம். முகாம்காரங்க, செக்கிங்குன்னா போயிருவாங்க, மத்தபடி வேலை சுத்தமா இருக்கும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். மேஸ்திரி கொடுத்த வேலைகளில் அதைத்தான் நான் பெரிதாக வைத்திருக்கிறேன்.

அன்றிலிருந்து நம் செட்டின் பேச்சு ஒன்றுதான், இன்றைக்கு வரைக்கும் சுபா மாற்றவில்லை. நாள் பேசுவதற்கு முன்பே சொல்லிவிடவேண்டும். நாங்கள் முகாம்காரர்கள், செக்கிங் அறிவித்தால் அன்றைக்கு வரமாட்டோம், மறுநாள் வருவோம், அதற்குத் தகுந்தமாதிரி உங்கள் நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒத்துவந்தால் வேலை, இல்லாவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்ளட்டும். மதுரைப் பிள்ளைகள் இருவரும் இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். செக்கிங் அன்று வேலைக்கு வருகிறவர்கள் நீங்கள் இரண்டு பேராகத்தான் இருப்பீர்கள். மற்றவர்கள் எங்கே என்று வீட்டுக்காரர் உங்களிடம் கேட்பார். அவர்களுக்காக இரக்கப்பட்டு ஏதாவது கதை கட்டிவிடாதீர்கள். நடந்ததைச் சொல்லுங்கள்.

பெரியம்மா என்னைச் சும்மா விடவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு செக்கிங் அறிவிப்புக்கும், "இந்த முறை எனக்கு என்ன வருத்தம் எண்டு சொல்லப்போறாய் பிள்ளை?" என்று கேட்பார். முகாமே அதைச் சொல்லிச் சிரிக்கும். கடைசியில் இரண்டு வருடத்துக்கு முன்பு, ஒரு நோய் வருத்தமும் இல்லாமல், மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

அப்போது நமக்கு ஒரு வீட்டில் வேலை. நாலு நாளில் பால் காய்ச்சு. அந்த வீட்டுக்காரருக்கு ஃபோன் போட்டு, என் பெரியம்மா இறந்துவிட்டார், நாங்கள் உள்ளே வருவது உங்களுக்குச் சரிப்படாது, வேறு செட்டை நானே அனுப்புகிறேன் என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. அதே வார்த்தைகளை நான் ஏற்கெனவே ஒரு தடவை, குரலை உடைத்துக்கொண்டு, சொல்லியிருக்கிறேன்.

பாண்டீஸ்வரிக்குச் சுபா சொல்லியிருக்கிறாள். மறுநாள் காலையில் அவள் அம்மாவைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு முகாமுக்குள் நடந்து வந்தாள். நாங்கள் அடித்த வீடுகளிலிருந்து அந்த வாசலைத் தாண்டி உள்ளே வந்த முதல் ஆட்கள் அவர்கள்தான். அந்த அம்மாவுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. பெரியம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, முகத்துக்குக் கிட்டே குனிந்து பார்த்தார். பிறகு என் இரண்டு கையையும் இறுகப் பிடித்துக்கொண்டார். இந்தத் தடவை இழுத்துக்கொள்ளவில்லை.

"அன்னைக்குக் கேட்ட கேதம் கணக்குல சேராது. அதான் நேருல வந்து கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்த்தா" என்றார்.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள், குடும்ப அட்டையிலிருந்து பெரியம்மாவின் பெயரை எடுக்க மனு கொடுப்பதற்காக முகாம் வாசலுக்குப் போனேன். வெளியிலிருந்து வருகிறவர்கள் பெயர் எழுதுகிற நோட்டு மேசையில் விரித்துக் கிடந்தது. பாண்டீஸ்வரியின் கையெழுத்து எனக்குத் தெரியும், அச்சடித்த மாதிரி இருக்கும். பெயர், ஊர், யாரைப் பார்க்க என்று வரிசையாக எழுதியிருந்தாள். யாரைப் பார்க்க என்ற கட்டத்தில் பெரியம்மாவின் பெயர். அதற்கு அடுத்து, என்ன உறவு என்ற கட்டத்தில், பெரியம்மா என்று எழுதியிருந்தாள்.

நான் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றதைக் கண்டு, காவலுக்கு இருந்தவர் எழுந்து வந்தார். ஏதும் தப்பா எழுதிட்டாங்களாம்மா என்று கேட்டார்.

இல்லை, சரியாகத்தான் இருக்கிறது என்று சொன்னேன்.